கோடு எங்கே போய் முடிகிறது? புகைப்படத்தில் கோடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேராகச் சேர்ந்து கேமராவும் கையுமாக எங்காவது கிளம்பிவிடுவோம். புதிதாக வருபவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் கோடுகளைப் பற்றித்தான், அதுவும் வாரம் தவறாமல் அதே கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் டீக்கடையில் வேறு ஏதாவது பேசலாமே என்றுதான் இதை எழுதினேன். கேமரா என்று சொல்லும் இடமெல்லாம் போன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் கோடு என்று எதைச் சொல்கிறீர்கள்? நான் எடுத்த படத்தில் கோடே இல்லையே?

இருக்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒன்றைத் தேடுவதால்தான் கண்ணில் படுவதில்லை. சுவர் தரையைத் தொடும் இடம் ஒரு கோடு, புடவைக் கரை ஒரு கோடு, ரோட்டோர வெள்ளைப் பட்டை, வரப்பு, மாடிக் கைப்பிடிச் சுவர், அலை வந்து திரும்பிய பிறகு ஈரமணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே நிற்கிற அந்த வளைந்த ஓரம், எல்லாமே கோடுதான். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தையும் கண் கோடாகத்தான் படிக்கும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பாருங்கள். முகம், எழுத்து, சின்னச் சின்ன விவரம் எல்லாம் கரைந்துபோய் பெரிய கோடுகள் மட்டும் மிஞ்சும். கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் சுலபம், கழற்றினால் போதும்.

லீடிங் லைன், அதாவது கண்ணைப் படத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிற கோடு, இருந்தால் படம் நன்றாக வந்துவிடும் என்கிறார்களே?

வராது. இந்த ஒரு நம்பிக்கையால் வீணான படங்கள் என்னிடமே ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கின்றன. ஆளில்லாத நேர் ரோடு, நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் புளியமரம். பார்க்கிறவரின் கண் அந்த ரோட்டில் ஒரு நொடியில் கடைசிவரை ஓடிவிடும், அங்கே ஒன்றும் இருக்காது, அடுத்த படத்துக்குப் போய்விடும். கோடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கூட்டிக்கொண்டு போன இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை.

நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவு நூலை, அதாவது சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகளை, தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகள், ஒன்றை ஒன்று தொடாமல், காலை வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு. நான் முதல் தடவை போனபோது இழைகளை மட்டும் முப்பது நாற்பது படம் எடுத்துத் தள்ளினேன். "தம்பி, நூலு பத்திரம், கால் பட்டுடப் போகுது" என்று ஒரு பெரியவர் மறுமுனையிலிருந்து குரல் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை இழையும் அவர் கையில்தான் போய் முடிகிறது. அறுந்த இழை ஒன்றை விரலில் முடிந்துகொண்டிருந்தார். அதன்பிறகு எடுத்த ஒரே படம்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன்.

அதிலிருந்து ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கோடு எங்கே போய் முடிகிறது?

கோட்டின் முடிவில் எப்போதும் ஆளோ பொருளோ இருந்தே ஆக வேண்டுமா?

இல்லை. கோடுகளே விஷயமாக இருக்கிற படங்கள் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் கோடையில் போய் நின்றால் பாத்திக்குப் பாத்தி வரப்பு, ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீரின் நிறம் வேறு. அங்கே கண் எங்கும் போக வேண்டியதில்லை, கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டே இருக்கும், அதுதான் படம். வேண்டுமானால் உப்பு வாரும் ஒருவர் அந்தக் கட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் உடைக்கட்டும்.

சிக்குக் கோலத்தைப் பாருங்கள். கம்பி புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துவிடும், வெளியேறுவதற்கு வழியே கிடையாது. அதை நேர் மேலேயிருந்து, மாடியிலிருந்தோ ஸ்டூல் போட்டு ஏறியோ எடுத்தால் கண் உள்ளேயே சுற்றும். அதே கோலத்தைத் தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தால் கம்பிகள் எல்லாம் நசுங்கிக் கிடைக்கோடுகளாகிவிடும், பின்னால் இருக்கிற வாசலுக்குக் கண் போய்விடும். இரண்டும் சரிதான். கோலம் வேண்டுமா, கோலம் போட்டவர் வேண்டுமா என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிடைக்கோடு அமைதி, செங்குத்துக் கோடு கம்பீரம், சாய்கோடு வேகம் என்று பட்டியல் போடுகிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. படுத்திருக்கிறவன் விழ மாட்டான், நிற்கிறவன் நிற்பதற்குப் பலம் வேண்டும், சாய்ந்திருப்பது அடுத்த நொடி விழலாம் அல்லது ஓடலாம். உடம்புக்குத் தெரிந்த இந்த அனுபவத்தைத்தான் கண் கோட்டின் மேல் ஏற்றிப் பார்க்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனால் ஏமாறுவீர்கள். ஜன்னல் கம்பிகள் செங்குத்துதான், அதில் என்ன கம்பீரம்? உள்ளே ஒரு முகம் இருந்தால் அது சிறை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட் 1915இல் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள், அவர்களின் நீண்ட நிழல்கள் சாய்வாக விழுகின்றன, மேலே மோர்கன் வங்கிக் கட்டடத்தின் பெரிய கறுத்த செவ்வகக் குழிகள். பட்டியலின்படி சாய்கோடு வேகம், செங்குத்து கம்பீரம். படம் தருவதோ வேறு: மனிதர்கள் சின்னதாகிவிடுகிறார்கள், கட்டடம் அவர்களை விழுங்கக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. கோடு எதன் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தத்தைக் கொடுக்கிறது.

கடற்கரையில் எடுத்தால் தொடுவானம் எப்போதும் சாய்ந்தே வருகிறது. என்ன செய்ய?

செட்டிங்ஸில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கிரிட் கோடுகளையும் சாய்வைக் காட்டும் லெவலையும் போட்டு வையுங்கள், அவ்வளவுதான். ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கம் வழிவது போலத் தெரியும். மெரினாவில் சூரிய உதயத்தை எடுக்கும்போது எல்லோருடைய கவனமும் சூரியன் மேல் இருக்கும், கடல் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. எடுத்த பிறகு திருத்தலாம், ஆனால் திருப்பும்போது நான்கு ஓரமும் வெட்டுப்படும். ஓரத்தில் வைத்த படகு போய்விட்டது என்று அப்புறம் புலம்பக் கூடாது.

அப்படியென்றால் வேண்டுமென்றே கேமராவைச் சாய்க்கவே கூடாதா?

சாய்க்கலாம், ஆனால் சாய்த்தது தெரிய வேண்டும். இரண்டு டிகிரி சாய்த்தால் தப்பு, இருபது டிகிரி சாய்த்தால் அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவு.

ரஷ்யாவில் அலெக்சாண்டர் ரோட்சென்கோ 1930இல் எடுத்த படிக்கட்டுப் படம் ஒன்று உண்டு. ஒரு பெண் கையில் குழந்தையோடு படியேறிப் போகிறார். வெளிச்சப் பட்டை, நிழல் பட்டை, மறுபடி வெளிச்சப் பட்டை என்று படிகள் எல்லாம் படத்தில் மூலைக்கு மூலை சாய்ந்து கிடக்கின்றன. கேமராவை நேராகப் பிடித்திருந்தால் படிகள் கிடைக்கோடுகளாகப் படுத்திருக்கும், அந்த அம்மா சும்மா ஏறிப் போகிற ஒருவராக இருந்திருப்பார். சாய்த்ததால் ஏறுவதன் பாரம் தெரிகிறது. கல்யாண வீட்டில் மணமக்களைச் சாய்த்து எடுக்கிறார்களே, அதில் பின்னால் இருக்கிற மண்டபத் தூண்கள் விழப்போவதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரிவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உயரமான கட்டடத்தையோ கோபுரத்தையோ எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவது போல வருகிறதே?

நீங்கள் கேமராவை மேல்நோக்கித் தூக்குகிறீர்கள், அதனால்தான். தூக்கியதும், கேமராவுக்குள் படம் பதிவாகிற சென்சாருக்குக் கட்டடத்தின் மேல்பகுதி தூரமாகவும் கீழ்ப்பகுதி பக்கமாகவும் ஆகிவிடுகிறது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், ஆகவே செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன. சென்சாரும் சுவரும் இணையாக இருந்தால் இது நடக்காது.

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1636இல் கட்டிய அரண்மனை, இன்றைக்கு மிஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதிதான், அந்தப் பகுதியின் தூண்களே கட்டிப்பிடிக்க முடியாத பருமன். முற்றத்தின் நடுவே நின்று கேமராவை உயர்த்தினால் தூண்கள் எல்லாம் கூடாரக் கம்பு மாதிரி உள்ளே சாயும். இப்போது பின்னால் போங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கேமராவைத் தூக்காமல் நேராகப் பிடியுங்கள். தரை அதிகமாக வரும், வரட்டும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், அல்லது அந்தத் தரையில் யாராவது நடந்து வரும்வரை காத்திருக்கலாம். தூண்கள் தூண்களாக நிற்கும்.

பின்னால் போக இடமில்லையென்றால் படம் திருத்தும் செயலிகளான ஸ்னாப்சீட், லைட்ரூம் இரண்டிலும் இதைத் திருத்த வசதி இருக்கிறது. இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள்: திருத்தினால் ஓரங்கள் போகும், ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். அப்புறம், முழுக்க நேராக்காமல் துளி சாய்வை விட்டுவையுங்கள், தலையைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு உயரமான கட்டடம் கொஞ்சம் குறுகித்தான் தெரியும், அச்சு அசல் நேராக்கினால் மேலே அகலமாகிவிட்டது போல ஒரு பிரமை வருகிறது. கட்டட வேலைக்காகவே எடுப்பவர்கள், கேமராவைத் தூக்காமலே கோட்டை நேராக வைக்கிற டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள், அதன் விலையைக் கேட்டால் நமக்குச் சாய்ந்த கோபுரமே அழகாகத் தெரியும்.

கோடுகளுக்கு எந்த லென்ஸ் நல்லது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்து கொள்வோம். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ்தான் கோடுகளைக் குவிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் குவிப்பது நீங்கள் நிற்கிற இடம். ஒரு நீண்ட சுவரின் பக்கத்தில் ஒட்டி நின்றால் அதன் முன்பகுதி பூதாகரமாகவும் கடைசி கடுகாகவும் தெரியும், எந்த லென்ஸ் போட்டாலும். வைட் லென்ஸ் அந்த முன்பகுதியையும் சேர்த்து ஃப்ரேமுக்குள் கொண்டுவருகிறது, தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் அதை வெட்டிவிட்டுத் தூரத்தை மட்டும் காட்டுகிறது, அதனால் தூரத்துத் தெருவிளக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கின்றன.

போனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. கணக்கில் வரும், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். போனில் 0.5 என்று இன்னும் அகலமான லென்ஸ் ஒன்று இருக்கிறதே, அதில் எடுத்தால் கோடு பயங்கரமாக ஓடும், ஆனால் கடைசியில் நிற்கிற ஆள் எறும்பாகிவிடுவார், ஓரத்தில் நிற்கிறவர் இழுபட்டு அகலமாகிவிடுவார். கோடு ஜெயித்து ஆள் தோற்ற படங்கள் எல்லாம் இந்த 0.5இல் பிறந்தவை. நான் செய்வது: 0.5 வேண்டாம், முதன்மை லென்ஸை வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்து விடுவேன். கேமரா தாழ்ந்தால் தரைக்கோடுகள் பெரிதாகிவிடும். பேன்ட் அழுக்காகும்.

கேமராவில் எடுப்பவர்களுக்கு: கோடு முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 8, எஃப் 11 பக்கம் வாருங்கள். முன்னால் மங்கி நடுவில் தெளிந்து மறுபடி மங்குகிற கோடு கண்ணைத் தூரம்வரை கொண்டுபோகாது. சில சமயம் அதுவே வேண்டியிருக்கும், அது வேறு கதை.

ரயில் தண்டவாளத்தில் நின்று எடுக்கலாமா? அதுதானே கோட்டுக்கு நல்ல உதாரணம்?

கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கே ஆறு மாதம்வரை சிறையோ 1000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், மின்சார ரயில் வரும் சத்தம் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவனுக்குக் கேட்காது. பிளாட்ஃபாரத்தின் விளிம்பும் கூரைத் தூண்களும் அதே கோடுகளைத்தான் தருகின்றன, தண்டவாளம் வேண்டுமென்றால் நடைமேம்பாலத்தின் மேல் நின்று பாருங்கள். எங்களோடு வருகிறவர்களில் யாராவது தண்டவாளத்தில் இறங்கினால் அன்றோடு சரி.

பாம்பன் பாலத்தை எல்லோரும் ஒரே மாதிரி எடுக்கிறார்கள். வேறு மாதிரி முடியுமா?

முடியும், ஆனால் அந்த 'ஒரே மாதிரி' ஏன் நன்றாக இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1988இல் திறந்த சாலைப் பாலம் உயரத்தில் இருக்கிறது, ரயில் பாலம் கீழே பக்கத்திலேயே ஓடுகிறது. சாலைப் பாலத்தில் நின்று தீவுப் பக்கம் சரிவாகப் பார்த்தால், கீழே ரயில் பாலம் சாய்கோடாகக் கடலை வெட்டிக்கொண்டு போகும். மேலே தொடுவானம் ஒரு கிடைக்கோடு. ஒன்று அசையாதது, ஒன்று ஓடுவது. இரண்டே கோடு, நடுவில் முழுக்க நீலம். இதைக் கெடுப்பதற்கே தனித்திறமை வேண்டும்.

1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றுபோனது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். புதியதில் கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே மேலே உயரும், அதற்காக இரண்டு பக்கமும் கோபுரங்கள் நிற்கின்றன. பழைய படங்களில் இந்தச் செங்குத்து கிடையாது. ஆகவே பழைய படத்தை நகல் எடுக்காதீர்கள். கரையில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் பக்கம் தாழ்ந்து நின்று பாலத்தைக் குறுக்காக எடுத்தால், நீளமான ஒரு கிடைக்கோடு, அதன் கீழே வரிசையாகத் தூண்கள், நடுவே அந்தக் கோபுரங்கள் மட்டும் கோட்டைத் தாண்டி எழும்பும். பக்கவாட்டிலிருந்து ஒரு படகின் கயிறு உள்ளே வந்தால் அதிர்ஷ்டம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போக்குவரத்தை மறிப்பவர்களில் நீங்களும் ஒருவராகிவிட வேண்டாம்.

எஸ் வளைவு என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

நேர்கோடு அவசரக்காரன், வளைவு சாவகாசமாகப் போகிறவன். எஸ் போல வளைகிற கோடு கண்ணை இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை கூட்டிப்போய், வழியில் இருப்பதையெல்லாம் காட்டிவிட்டுத்தான் கடைசிக்கு விடும். ஆன்சல் ஆடம்ஸ் 1942இல் அமெரிக்காவின் வயோமிங்கில் எடுத்த ஸ்னேக் நதிப் படம் இதற்குப் பாடமாகவே காட்டப்படுவது: வெளுத்துத் தெரியும் ஆறு முன்னால் வளைந்து, காட்டுக்குள் போய், பனிமலையின் அடிவாரத்தை நோக்கி நகர்கிறது. ஆறு மலையில் போய் முடிகிறது, கவனித்தீர்களா? மலையை எடுத்துவிட்டால் அது வெறும் வளைந்த தண்ணீர்தான்.

நம் பக்கம் இதற்குக் கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் சாலையில் 40, கொல்லிமலையில் 70. ஆனால் ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு வளைவுக்கு மேல் வைத்தால் நூடுல்ஸ் ஆகிவிடும். வால்பாறைச் சாலையில் ஒன்பதாவது வளைவில் இருக்கிற லோம்ஸ் வியூவில் எல்லோரும் ஆழியாறு அணையைத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் காத்திருந்தால் கீழ் வளைவில் அரசுப் பேருந்து ஒன்று திரும்பும். வளைவு பஸ்ஸில் முடியட்டும்.

நெல் வயலில் நிறையக் கோடு இருக்கிறது, ஆனால் படத்தில் வெறும் பச்சையாக வருகிறது.

நீங்கள் நிற்கும் இடத்தை ஓரடி மாற்றுங்கள், வித்தியாசம் தெரியும். திருந்திய நெல் சாகுபடி செய்கிற வயலாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கே கயிறு பிடித்தோ மார்க்கர் உருட்டியோ 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுகிறார்கள், களையெடுக்கும் கருவி இரண்டு பக்கமும் ஓட வேண்டுமே. சதுர நடவு என்பதால் நேராகப் பார்த்தால் ஒரு வரிசை, மூலைவாட்டில் பார்த்தால் இன்னொரு வரிசை. வரப்பில் நடந்துகொண்டே கண்ணை ஓட்டினால் கோடுகள் திறந்து திறந்து மூடும், திறக்கிற இடத்தில் நின்றுவிடுங்கள். நட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் போக வேண்டும், பயிர் பக்கத் தண்டு விட்டுத் தூர் கட்டிவிட்டால் இடைவெளி அடைந்து பச்சைக் கம்பளம்தான். காலையில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரம் சிறந்தது, வரிசைக்கு வரிசை நடுவே வெள்ளிக் கோடு கிடைக்கும். வரப்பு சரியும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மின்கம்பிகளை என்ன செய்வது? எல்லாப் படத்திலும் குறுக்கே வருகின்றன.

அழிக்கிற கருவியைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறோம். நம் தெருக்களில் மின்கம்பி இல்லாத வானம் பொய்யான வானம் என்பது என் கட்சி. கம்பி கூடுகிற இடத்தில் ஒரு காக்கை உட்காரட்டும், அல்லது கம்பிகள் எல்லாம் போய்ச் சேருகிற கம்பத்தின் அடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கட்டும். அப்புறம் அது தொல்லை இல்லை, வழிகாட்டி. முகத்தின் குறுக்கே வந்தால் மட்டும் நகர்ந்து நில்லுங்கள்.

தலையிலிருந்து கம்பம் முளைத்த மாதிரி வருகிறது, கழுத்தில் தொடுவானம் வெட்டுகிறது. எடுக்கும்போது ஏன் தெரிவதில்லை?

இரண்டு கண்ணால் பார்க்கும்போது ஆள் பக்கத்தில், கம்பம் தூரத்தில் என்று மூளைக்குத் தெரியும், பிரித்துவிடுகிறது. படத்தில் தூரம் கிடையாது, எல்லாம் ஒரே தாளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், உடனே தெரியும். கழுத்தில் வெட்டும் கடல் கோட்டுக்கு நீங்கள் குனியுங்கள் அல்லது ஏறுங்கள்: குனிந்தால் கோடு தோளுக்குக் கீழே இறங்கும், ஏறினால் தலைக்கு மேலே போகும்.

கண்ணுக்குத் தெரியாத கோடு என்றும் ஒன்று உண்டு என்கிறார்களே?

பஸ் ஸ்டாப்பில் ஐந்து பேர் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரேமில் பஸ் இல்லை. ஆனால் பஸ் எந்தப் பக்கம் வரும் என்று படம் பார்க்கிறவருக்குத் தெரியும், ஐந்து ஜோடிக் கண்கள் ஒரு கோடு போட்டுவிட்டன. நீட்டிய கை, பாட்டி பேத்தியைப் பார்க்கும் பார்வை, இடைவெளி விட்டு நிற்கும் மூன்று குடங்கள், எல்லாம் இப்படித்தான். நான் ரோட்டையும் சுவரையும் விட இதைத்தான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் எங்கே முடிகிறது என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. யாரும் எதையும் சும்மா பார்ப்பதில்லை.

தெரியும் கோடும் தெரியாத கோடும் சேர்ந்த படம் வேண்டுமென்றால் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1932இல் பிரான்சின் இயேர் என்ற ஊரில் எடுத்ததைப் பாருங்கள். மேலேயிருந்து சுருள் படிக்கட்டின் கைப்பிடி சுழன்று இறங்குகிறது, கீழே தெரு வளைகிறது, அந்த வளைவில் ஒரு சைக்கிள்காரர் மங்கலாகக் கடந்து போகிறார். சைக்கிளின் ஓட்டம் தெருவின் வளைவோடு சேர்ந்துகொள்கிறது. சைக்கிளை விரலால் மறைத்துப் பாருங்கள், படிக்கட்டு மட்டும் மிஞ்சும்.

கோடு சரியாக ஃப்ரேமின் மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். அச்சாக மூலையில் செருகினால் படம் இரண்டாகக் கிழிந்தது போல இருக்கும். மூலைக்குக் கொஞ்சம் தள்ளி நுழையட்டும்.

கோடுகள் அதிகமாகிவிட்டால்?

ஒன்றையொன்று தின்றுவிடும். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சென்னை நேப்பியர் பாலம் முழுவதையும் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வரைந்தார்கள். ஊரே போய்ப் படம் எடுத்தது, நானும்தான். அந்தப் பாலத்தின் அழகே தாவித் தாவிப் போகிற அதன் வளைவுகள், கட்டங்கள் வந்ததும் வளைவு காணாமல் போய்விட்டது. நல்லதாக வந்த சில படங்களில் எல்லாம் கட்டங்களின் முன்னால் ஒரே நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது: சிவப்புச் சேலை, மஞ்சள் ஆட்டோ. கோடு நெருக்கமான இடத்தில் கண்ணுக்கு உட்கார ஒரு திண்ணை வேண்டும்.

நிழலைக் கோடாக எடுக்க எந்த நேரம்?

கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நம் ஊரில் சூரியன் ஏறத்தாழ நேராக மேலே ஏறும். உதித்து முக்கால் மணி நேரத்தில் நிழல் ஆள் உயரத்தைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. மூன்று மணி நேரம் ஆனால் ஆள் உயரமும் நிழலும் கிட்டத்தட்ட சமம். அதற்குப் பிறகு காலடியில் சுருங்கிக்கொண்டே போகும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. ஆகவே எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குப் பாதிக் கோடு போய்விட்டது. மாலையிலும் இதே கணக்குதான், தெருவில் கூட்டம் மட்டும் அதிகம்.

கறுப்பு வெள்ளையில் கோடுகள் நன்றாகத் தெரியுமா?

தெரியும், நிறத்தின் தொந்தரவு போய்விடுவதால். பழகும்போது போனில் மோனோ, அதாவது கறுப்பு வெள்ளை, வைத்துக்கொண்டு சுற்றுங்கள், பிறகு நிறத்துக்குத் திரும்பலாம். ஆனால் நிறத்தாலேயே பிரிகிற கோடு, பச்சை வயலின் நடுவே செம்மண் பாதை போன்றது, கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிச் செத்துவிடும்.

எடுத்த பிறகு ஏதாவது செய்யலாமா?

வெட்டலாம். கோடு வெளியே ஓடிப்போகிற ஓரத்தை வெட்டினாலே பல படங்கள் பிழைக்கும். இன்னொன்று, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இடது கீழிலிருந்து வலது மேலே போகிற கோடு ஏறுவது போலவும், திருப்பினால் அதே கோடு இறங்குவது போலவும் எனக்குத் தெரியும். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண். திருப்பியதையே வெளியிடாதீர்கள், கடைப் பலகை எல்லாம் கண்ணாடி எழுத்தாகிவிடும். எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தை எடுக்க அனுமதி கிடைக்குமா?

தமிழ்நாட்டிலேயே நீளமான தூண் வரிசை அது, ஆசை நியாயம்தான். ஆனால் 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. போனை வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு கண்ணை மூடி, இந்தப் பக்கத் தூணை ஒட்டி நின்று ஒருமுறை, நடுவில் நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். கோடுகள் எல்லாம் குவிகிற அந்தக் கடைசிப் புள்ளியில் ஈரத்துணியோடு யாராவது குறுக்கே நடந்து போவார்கள், தீர்த்தமாடிவிட்டு வருகிறவர்கள்.

வீட்டிலேயே பழக ஏதாவது வழி?

காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னல் கம்பியின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தரையில் தொடங்கி, மடிந்து சுவரில் ஏறி, பதினைந்து நிமிடத்தில் அலமாரியைத் தொட்டுவிடும். அதன் வழியில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாரையாவது பேப்பரோடு உட்கார வையுங்கள். எங்கள் அப்பா உட்காருவார், ஆனால் மூன்று படத்துக்கு மேல் பொறுமை கிடையாது.